கொடி அறுக்கும் நேரம்

மதுரை கோரிப்பாளையத்தில் வைகையின் வடகரையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையைத் தென் மாவட்டத்து மக்கள் பெரியாஸ்பத்திரி என்றே சொல்வார்கள். சிக்கலான பிரசவம் என்றால் சுற்றுவட்டாரமே வந்து சேரும் இடம். தமிழ்நாட்டில் இன்று 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இதைச் சொல்லும் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே, மாநிலத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும், கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை என்கிறது. காரணங்கள் பல. செலவே இல்லாமல் திருத்தக்கூடிய ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: தொப்புள்கொடியில் கிளாம்ப் போடும் நேரம்.

பிள்ளை வெளியே வந்த கணத்தில் அதன் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கொடியைப் பிடித்தால் துடிப்பு விரலுக்குத் தெரியும். நீலமாய்த் தடித்திருந்த கொடி இரண்டு மூன்று நிமிடத்தில் வெளுத்துத் துவண்டு துடிப்படங்கும். அதற்குள் 80 முதல் 100 மில்லி இரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 100 மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆறு மாதம் குடிக்கும் தாய்ப்பால் முழுவதிலும் இருப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான். 2011-இல் வெளியான சுவீடன் ஆய்வில், உடனே கொடி வெட்டப்பட்டவர்களில் 5.7 விழுக்காட்டினருக்கு நான்காம் மாதத்தில் இரும்புக் குறை இருந்தது. மூன்று நிமிடம் காத்திருந்து வெட்டப்பட்டவர்களில் 0.6 மட்டுமே. சுவீடன் வேறு, மதுரை வேறு என்பவர்களுக்கு 2002-இல் வெளியான டெல்லி ஆய்வு பதில் சொல்லும்: சோகையுள்ள தாய்மாரின் பிள்ளைகளிடமும் மூன்றாம் மாதத்தில் இரும்புச் சேமிப்பு கூடியிருந்தது.

காத்திருந்தால் தாய்க்கு இரத்தப்போக்கு கூடாதா? 2013-ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு அப்படி எதையும் காணவில்லை. ஆக்ஸிடோசின் ஊசியைக் கொடி வெட்டும்வரை தள்ளிவைக்க வேண்டியதும் இல்லை. மஞ்சள்காமாலை பற்றிய அச்சத்தில் நியாயம் உண்டு. அதே தொகுப்பாய்வில், லைட்டில் வைக்கவேண்டி வந்த பிள்ளைகள் 100-க்கு மூன்றுக்குக் கீழ் இருந்தது நான்குக்குச் சற்று மேலானது. காமாலையைக் கவனிக்க ஆளும் விளக்கும் உள்ள இடத்தில் இந்த விலையைக் கொடுக்கலாம். மூச்சு விடாத பிள்ளைக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே கொடியை வெட்டி மூச்சுக் கொடுப்பதே முதல் வேலை. பழைய மருத்துவச்சிகள் பலர் நஞ்சு விழும்வரை காத்திருந்தார்கள் என்று பெருமை பேசுவதிலும் எனக்கு அரை உடன்பாடுதான். காத்திருந்தது சரி, சுத்தமில்லாத கத்தியால் அறுத்து எத்தனை பிள்ளைகளை ஜன்னிக்குக் கொடுத்தோம்!

கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்கள் வேறு. பை நிறைய வேண்டுமென்றால் சீக்கிரம் வெட்ட வேண்டும். என்றோ வரக்கூடும் நோயின் பேரில், இன்றைக்கே பிள்ளைக்குச் சேரவேண்டியதை எடுத்து வைக்கிறார்கள். பிள்ளையின் சொந்தப் பிற்காலப் பயனுக்கென்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே சொல்லிவிட்டது.

ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வழிகாட்டியது. 2018-இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டமும் இதை ஏற்றது. கட்டில் காலியாவதற்குக் காத்திருக்கும் கூட்டத்தில் நேரம் ஏது என்பதுதான் மிச்சமுள்ள மறுப்பு. அந்த நிமிடங்களில் பிள்ளையைத் துடைத்துத் தாயின் வயிற்றில் போட்டு, ஊசியும் போட்டுவிடலாம். கேஸ் ஷீட்டில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் கொடி வெட்டிய நேரத்தையும் எழுதவைத்தால், யார் அவசரப்பட்டார்கள் என்பது மாதக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.