கரண்ட் போனால் வால்வு மூடுமா?

(தோட்டத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான பயிற்சி வகுப்பில், ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய இந்தக் கூட்டத்தில் என்னை ஒரு வால்வைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களின் உயிர் அந்த வால்வில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

விறகு அடுப்பில் ஓடும் டிரையர் உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் காற்றாடி நிற்கும், ஆனால் நெருப்பு நிற்காது. அடுப்புக்காரர் ஓடிப்போய் விறகை இழுத்துப் போடவேண்டும். எண்ணெயிலோ காஸிலோ ஓடும் பர்னரில் அப்படி ஓட நேரம் கிடைக்காது. நெருப்பு அணைந்த பிறகும் காஸ் வந்துகொண்டிருந்தால், அது அடுப்புக்குள் நிறையும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து கானிலும் குழியிலும் தங்கும். பிறகு ஒரு பொறி போதும். அதைத் தடுக்கத்தான் குழாயில் தானாக மூடும் வால்வு வைக்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கரண்ட் இருக்கும்வரை ஒரு காந்தச் சுருள் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பெரிய வால்வு என்றால் அமுக்கிய காற்று பிடித்திருக்கும். மறுபக்கம் ஒரு ஸ்பிரிங் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும், காற்றுக் குழாய் அறுந்தாலும், பிடி விட்டுவிடும். ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கெட்டுப்போனாலும் பாதுகாப்பான பக்கம் விழவேண்டும் என்பதுதான் எண்ணம். எல்லா வால்வும் மூடத்தான் வேண்டும் என்றும் இல்லை. சூட்டைத் தணிக்கும் தண்ணீர் வால்வு கரண்ட் போனால் திறக்கவேண்டும்.

கடதாசியில் எல்லாம் சரிதான். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே நிலையில் திறந்து கிடக்கும் வால்வு என்ன ஆகும்? தண்டு துருப்பிடிக்கும். பிசினும் தூசியும் ஒட்டும். ஸ்பிரிங் களைத்துப் போகும். வெளியே பெயின்ட் அடித்து அழகாக இருக்கும், மூடச் சொன்னால் அசையாது. நான் வேலை செய்த ஓர் இடத்தில், வால்வு அடிக்கடி மூடி வேலை தடைப்படுகிறது என்று ஒரு செம்புக் கம்பியால் அதற்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்து வைத்திருந்தார்கள். கொழுந்து தேங்கக்கூடாது என்ற அவசரத்தில் செய்தது. அந்தக் கம்பியைக் கழற்றவேண்டும் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

இது தோட்டத்து ஏழை ஸ்டோரில் மட்டும் நடக்கும் விஷயமல்ல. லண்டனுக்கு வடக்கே, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரத்துக்குப் பக்கத்தில் பன்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் களஞ்சியம் இருந்தது. 2005 டிசம்பர் 10ஆம் திகதி இரவு 912ஆம் இலக்கத் தாங்கிக்குக் குழாய் வழியாகப் பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. விடியப்புறம் 3 மணியளவில் மட்டம் காட்டும் மானி சிக்கி நின்றுவிட்டது. அந்த மானி அதற்கு முந்திய மூன்றரை மாதத்துக்குள் 14 தடவை சிக்கியிருந்தது! பெற்றோல் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசிக் காவலாகத் தாங்கியின் உச்சியில் ஒரு சுவிட்ச் இருந்தது. தாங்கி நிரம்பினால் அது மணி அடித்து வால்வுகளை மூடவேண்டும். அதுவும் வேலை செய்யவில்லை. 2 இலட்சத்து 50 ஆயிரம் லீற்றருக்கு மேல் வெளியே வழிந்தது. 11ஆம் திகதி ஞாயிறு காலை 6 மணிக்கு வெடித்தது. 40 பேருக்கு மேல் காயம். ஞாயிறு விடியற்காலை என்பதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. வேலைநாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2010இல் ஐந்து நிறுவனங்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது.

அந்தச் சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கைப்பிடி இருந்தது. சோதனை முடிந்ததும் கைப்பிடியைச் சரியான இடத்தில் வைத்துப் பூட்டுப் போடவேண்டும். பூட்டு இல்லாவிட்டால் கைப்பிடி கீழே இறங்கி, சுவிட்ச் செத்துவிடும். அந்தப் பூட்டு, கண்டவர்கள் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் என்று அங்கே நினைத்துவிட்டார்கள். விற்றவர்களும் விளங்கச் சொல்லவில்லை. சோதிப்பதற்கென்று வைத்த கைப்பிடியே காவலைக் கெடுத்துவிட்டது.

ஆகவே சோதனை எப்படி நடக்கவேண்டும்? பலகையில் பொத்தானை அமுக்கி, சிவப்பு லைட் எரிந்தது என்று கையெழுத்துப் போடுவது சோதனையல்ல. எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நெருப்பைக் குறைத்துவிட்டு, உண்மையாகவே கரண்டை அல்லது காற்றைப் பிடுங்கவேண்டும். தண்டு முழுவதும் நகர்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். எத்தனை செக்கனில் மூடியது என்று மணிக்கூட்டில் பார்த்து, போன தடவையோடு ஒப்பிடவேண்டும். மெதுவாகிக்கொண்டு வருகிற வால்வு, சிக்கப்போகிறேன் என்று சொல்கிறது. மூடிய பிறகு கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும். கரண்ட் திரும்பி வந்ததும் வால்வு தானாகத் திறக்கக்கூடாது. ஒரு ஆள் வந்து பார்த்து, கையால் திறக்கவேண்டும்.

பெரிய எண்ணெய் ஆலைகளில் வேலையை நிறுத்தாமல், வால்வைக் கொஞ்சம் மட்டும் அசைத்துப் பார்க்கிற முறை உண்டு. சிக்கவில்லை என்று அது காட்டும். இறுக மூடுமா என்று காட்டாது. நமக்கு வேலை இல்லாத நாள் வரும், அன்றைக்கு முழுதாகச் சோதிக்கச் சொல்லலாம்.

பயிற்சி பெற்றவர்தான் சோதிக்கவேண்டும். நாமாகக் கை வைக்கக்கூடாது. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க நமக்கு உரிமை வேண்டும். கழற்றிய வயர் திரும்பப் போட்டாயிற்றா, பூட்டு மாட்டியாயிற்றா என்று பார்த்த பிறகே புத்தகத்தில் திகதி விழவேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நமது ஸ்டோர்களுக்கும் பொருந்தும். தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். டீமேக்கர் கேட்காவிட்டால், துரை கேட்காவிட்டால், அங்கே எழுதலாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஸ்டோரில் கடைசியாக வால்வை மூடிப் பார்த்த திகதியை எழுதிக்கொண்டு வாருங்கள். அப்படி ஒரு திகதியே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் அந்தத் தோட்டங்களின் பெயரைத்தான் முதலில் போடப்போகிறோம்.