பலகை ஒருவருடையது, சம்பளம் இன்னொருவருடையது
(யாழ்ப்பாணக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ், இலங்கையில் தன் பெயரில் கடை நடத்திய அபான்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்தது. 12 கடைகளும் மூடப்பட்டன. பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தது அபான்ஸ். கதவைச் சாத்த வைத்தது பெயருக்குச் சொந்தக்காரர்.

தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதா? 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, காணி அரசிடமே இருந்தது. சம்பளம் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டுப் பெயர்ப்பலகைக் கடைகள் வந்துவிட்டன. வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர்? சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டுவது யார்? தொழில் திணைக்களத்தில் முறையிடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பெயர்தான்.

பெயருக்குச் சொந்தக்காரர் உடுப்பு முதல் சமையல் வரை விதி போடுகிறார். கடை மூடும் நாளில் நட்டஈட்டுக்கும் அவர் பதில் சொல்லவேண்டும். அதைத்தான் நாம் கேட்கிறோம்.