கடைவாய்ப் புண்



வாயின் ஓரம் சிவக்கிறது. வெடிக்கிறது. கொட்டாவி விட முடியவில்லை. காரம் பட்டால் உயிர் போகிறது. சூடு என்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். புண் ஆறுகிறதா? இல்லை.

வாய் ஓரத்தில் எச்சில் தங்குகிறது. ஈரத்தில் தோல் ஊறி வெடிக்கிறது. வெடிப்பில் பூஞ்சை வளர்கிறது. எரிகிறதே என்று நாக்கால் தடவுகிறோம். அதுதான் கெடுதல். தடவத் தடவப் புண் பெரிதாகும். கழுவுங்கள். துணியால் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் வாசலின் பூசுங்கள். பல்செட் போட்ட பாட்டிமார் இரவில் அதைக் கழற்றிக் கழுவி வையுங்கள்.

மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பு கேட்டு வாங்காதீர்கள். பூஞ்சைக்கு ஒரு களிம்பு. மற்றக் கிருமிக்கு வேறு களிம்பு. டாக்டர் பார்த்துத் தரட்டும்.

புண் ஆறி ஆறி மறுபடி வருகிறதா? குடம் தூக்கி நடந்தால் மூச்சு வாங்குகிறதா? இரத்தசோகை இருக்கலாம். சர்க்கரை நோயிலும் இப்படி வரும். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதானே நாம் சாப்பிடுகிறோம்? கீரையும் பயறும் முட்டையும் நமக்கு எங்கே மிஞ்சுகிறது? முதலிலேயே நம் பங்கை எடுத்து வைப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்ப்பார்கள். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். புதன்கிழமை காலை நான் போகிறேன். வருகிறவர்கள் இன்றே பெயர் எழுதிக் கொடுங்கள். நீங்களே எழுதுங்கள்.