பகலில் போகவேண்டிய பாதை



நார்வே நாட்டின் வடகோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டி ஒரு சாலை போகிறது. கோடைக்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். களைப்புத் தட்டும்வரை வண்டி ஓட்டலாம். கலைமான் சாலையில் நின்றாலும் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த எல்லைப்புறத்தைப் பார்க்க உலகமெங்குமிருந்து ஆட்கள் காசைச் செலவழித்துக்கொண்டு போகிறார்கள்.

அப்படி ஓர் எல்லைப் பாதை கெடா மாநிலத்திலிருந்தும் கிளம்புகிறது. கோலா கெடா படகுத்துறையில் மேற்குக் கடலைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தால், சுங்கைப்பட்டாணி, பாலிங், பெங்காலான் ஹூலு, கிரிக், ஜெலி என்று போய், கோத்தா பாருவில் கிழக்குக் கடலைப் பார்க்கலாம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பாலிங்கைத் தொட்ட பிறகு, தாய்லாந்து எல்லை இடப்பக்கம் கூடவே வரும். மலை, காடு, ஏரி, மூடுபனி எல்லாம் உண்டு. நார்வேயோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு வித்தியாசம்தான். இங்கே மாலை ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இன்றைய பேச்சு அந்த ஏழரை மணியைப் பற்றியது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளி விடுமுறை. தாத்தா ஒருவர், கோலா கெட்டில் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். மருமகள், இரண்டு பிள்ளைகள். லங்காவியிலிருந்து காலைப் படகில் கோலா கெடாவுக்கு வந்து இறங்குகிறார்கள். லக்சா சாப்பிட்டுப் பசியாறி, வண்டியை எடுக்கும்போது மணி பன்னிரண்டு. இரவுச் சாப்பாடு கோத்தா பாருவில் என்பது மகனின் கணக்கு.

கோலா கெடாவை விட்டுக் கிளம்புமுன் ஆற்று முகத்தில் இருக்கும் பழைய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பிய கோட்டை. 1821-இல் சயாம் படை கெடாவைப் பிடித்தபோது போர் நடந்த இடம் இது. பாடப் புத்தகத்தில் எல்லை என்பது வரைபடத்தில் போட்ட கோடு. கெடாக்காரர்களுக்கோ அது பலமுறை நகர்ந்த கோடு. 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்த ஒப்பந்தத்தால் கெடா ஆங்கிலேயர் பக்கம் வந்தது. 1943-இல் ஜப்பானியர் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் சயாமிடம் கொடுத்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் கோடு பழைய இடத்துக்கே திரும்பியது.

அந்தப் போர்க்காலத்தில் எல்லையைத் தாண்டிப் போனவர்களில் நம் தோட்ட மக்கள் பல்லாயிரம் பேர். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்கு அவர்களை ஏற்றிச் சென்றார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். கெடாவின் தோட்டங்களில் இன்றும் தாத்தா பாட்டிகளின் வாயில் "சயாமுக்குப் போனவங்க" என்ற சொல் இருக்கிறது. அது சுற்றுலா போனவர்களைக் குறிக்கும் சொல் அல்ல.

பாலிங் சொல்லும் கதை

சுங்கைப்பட்டாணியைத் தாண்டி கோலா கெட்டில் வழியாகப் போகும்போது, ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாக மாறியிருப்பதைத் தாத்தா காட்டுவார். "அந்த மேட்டுலதான் நம்ம லயம் இருந்துச்சு" என்பார். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். பனைமரம்தான் தெரியும். வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் இறங்கி நின்றால், அங்கே ஒரு சாமி கல்லோ, பழைய கோயிலோ இருக்கலாம். எண்பது, தொண்ணூறு என்று முள் ஏறிக்கொண்டிருக்கும் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

பாலிங் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும். கோரைப்பல் முளைத்து மனித ரத்தம் குடித்த ராஜா பெர்சியோங் கதை இந்த வட்டாரத்துக்குச் சொந்தம். கடைசியில் தன் பல்லைப் பிடுங்கி அவன் வீசி எறிந்த இடம் இது என்பார்கள். மலாயில் 'பாலிங்' என்றால் எறிவது.

அதே ஊரில்தான் 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல், டான் செங் லோக் மூவரும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குடன் பேசினார்கள். கிளியான் இந்தான் பக்கத்துக் காட்டிலிருந்து சின் பெங் வெளியே வந்தார். சரணடைய மறுத்து, காட்டுக்கே திரும்பினார். அதற்குப் பிறகு ஆயுதங்கள் முழுதாக ஓய 34 ஆண்டுகள் ஆயின. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெங்காலான் ஹூலுவிலிருந்து எல்லையைத் தாண்டினால் வருவது பெத்தோங். அந்தப் பகுதியில் போராளிகள் மலையைக் குடைந்து பதுங்கியிருந்த சுரங்கத்தை இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கலாம்.

இரவில் சாத்திய சாலை

நம் குடும்பம் பெத்தோங்குக்குத் திரும்பாமல் தெற்கே கிரிக் நோக்கி வருகிறது. நின்று, பார்த்து, தேநீர் குடித்து வந்ததில் கிரிக் சேரும்போது மணி ஏழு. அங்கே ஒரு சின்ன வாக்குவாதம் எழும்.

"இன்னும் நூத்திருபது கிலோமீட்டர்தாம்ப்பா. ரெண்டு மணி நேரத்துல ஜெலிக்குப் போயிடலாம்" என்பார் மகன்.

"அந்த ரோட்டை முன்னெல்லாம் ராத்திரியில சாத்திருவாங்கடா" என்பார் தாத்தா.

அவர் சொல்வது சரி. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1970-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டு 1982-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கெடாவிலிருந்து கோத்தா பாருவுக்குச் சாலைவழி போகவேண்டுமென்றால் கோலாலம்பூர், குவாந்தான் என்று நாட்டையே சுற்றவேண்டும். எல்லைக் காடு கம்யூனிஸ்டுகளின் நடமாட்டப் பகுதியாக இருந்ததால் ராணுவப் பாதுகாப்போடுதான் வேலை நடந்தது. 1974-இல் சாலை போடும் இயந்திரங்களை அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சாலை திறந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு இரவுப் பயணத்துக்கு அனுமதி இல்லை. பகலில் மட்டுமே போக முடிந்தது.

சமாதானம் வந்தது. தடை நீங்கியது. இப்போது நள்ளிரவிலும் போகலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் துப்பாக்கி ஓய்ந்ததே தவிர, அந்த மலையும் வளைவும் மூடுபனியும் மாறவில்லை. காட்டில் யானைகளும் அப்படியே இருக்கின்றன.

2025 மே 11-ஆம் தேதி அதிகாலை இருட்டில் ஒரு லோரி அந்தச் சாலையில் யானைக்குட்டி ஒன்றை மோதியது. குட்டி லோரிக்கு அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை விலகிப் போகவில்லை. லோரியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு நின்ற படத்தை நாடே பார்த்தது. அன்று அன்னையர் தினம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பண்டிங் ஏரிக்குப் பக்கத்தில், விடுமுறை முடிந்து திரங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து கவிழ்ந்தது. 15 மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது.

இரண்டும் நடந்தது இருட்டில். இதில் தலைவிதி என்று சொல்வதற்கு முன், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. முன்னே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை மிதிக்கவே ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் ஏறக்குறைய 40 மீட்டர் போய்விடும். மிதித்த பிறகு வண்டி நிற்க இன்னொரு 40 மீட்டராவது வேண்டும். தாழ்த்தி வைத்த விளக்கின் வெளிச்சமோ 50 மீட்டர் சுமாருக்குத்தான் சரியாகத் தெரியும். அதாவது, யானை கண்ணில் பட்டபோதே காலம் கடந்துவிட்டது. அதன் கறுத்த உடம்பு இருட்டோடு கலந்திருக்கும்.

யானை ஏன் சாலைக்கு வருகிறது? காட்டுக்குள் வெயில் இறங்காது. சாலையோரம் திறந்த இடம் என்பதால் புல் செழித்து வளரும். அதை மேய வருகிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாக ஆய்வாளர்கள் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்து பார்த்ததில், அவை பெரும்பாலும் இரவில்தான் சாலையைக் கடக்கின்றன என்று தெரிந்தது. பகலில் நம் வண்டிகளுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் பிராணி, இரவை நம்பித்தான் குட்டியோடு வெளியே வருகிறது. அந்த இரவையும் நாம் எடுத்துக்கொண்டால் அது எப்போதுதான் கடக்கும்?

விடிந்த பிறகு

தாத்தாவின் பேச்சைக் கேட்டு அந்தக் குடும்பம் கிரிக்கிலேயே ஓர் அறை எடுத்துத் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் செலவு ஓர் இரவு வாடகை. காலையில் பசியாறி, எண்ணெய் நிரப்பி, பிரேக்கையும் டயரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பனி விலகும் நேரத்தில் தெமெங்கோர் ஏரிப் பாலம் வரும். அணை கட்டியதால் காட்டுக்குள் உருவான ஏரி அது. நீர்மட்டத்துக்கு மேலே பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளையும் பெலும், தெமெங்கோர் காடுகளில் பார்க்கலாம். ஜகாய், தெமியார் பூர்வகுடி மக்களுக்கு அதுதான் வீடு. சாலையில் கிடக்கும் யானைச் சாணத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள். ராத்திரி வந்துபோனவர்கள் யார் என்று அப்பாவுக்கும் புரியும்.

பேராவும் கிளந்தானும் சந்திக்கும் தித்திவங்சா ஓய்விடத்தில், கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டர் உயரத்தில் வண்டியை நிறுத்தினால் காற்று சில்லென்று இருக்கும். அங்கிருந்து ஜெலிவரை இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து, இயந்திரத்தின் பிடியில் மெதுவாக இறங்கவேண்டும்.

கெடாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகத் திட்டமிடும் நேயர்களே, கிரிக்கைப் பிற்பகல் மூன்று மணிக்குள் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்கிவிடுங்கள். விரைவுப் பேருந்தில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பயணச்சீட்டு வாங்கும்போது அந்தப் பேருந்து இந்த மலையை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பகல் வண்டி இருந்தால் பகல் வண்டியிலேயே இடம் போடுங்கள்.

அந்தக் குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு கோத்தா பாருவில் இருக்கும். மகன் போட்ட கணக்குக்கு ஒருவேளைச் சாப்பாடு தாமதம். ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.