காரியாலய மேசையும் கலாநிதிப் பட்டமும்

உத்தியோகம் ஓரூரிலும் சர்வகலாசாலை வேறோரூரிலும் அமைந்துவிட்டால், கலாநிதிப் பட்டத்துக்கு முயல்பவர் படும் பாட்டை நேயர்களுட் சிலர் நன்கறிவர். விடுமுறை நாளிற் பேராதனைக்குப் பஸ் ஏறுவோரும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின்னர் கணினித் திரையிலேயே பேராசிரியரைக் காண்போரும் நம்மிடையே உளர். தொல்லை புதிதன்று. அல்பேட் ஐன்ஸ்டீனும் அதில் அகப்பட்டவரே.

சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1900ஆம் ஆண்டு தேறிய அவருக்கு அங்கே உதவியாசிரியர் பதவிதானும் கிட்டவில்லை. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நண்பர் குறொஸ்மனுடைய தந்தையாரின் சிபாரிசினால், பேர்ண் நகரத்து ஆக்கவுரிமைக் காரியாலயத்தில் மூன்றாந்தர உத்தியோகத்தராய் அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்கு. நாளுக்கு எட்டு மணி நேரமாக வாரத்தில் ஆறு நாள் வேலை. அவர் பயின்ற கல்லூரிக்கோ 1909ஆம் ஆண்டு வரை கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. ஆகவே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட புகைவண்டிப் பயணத்துக்கு அப்பாலிருந்த சூரிச் சர்வகலாசாலையையே நாடவேண்டியதாயிற்று.

1901இற் சமர்ப்பித்த முதற் கட்டுரையை அடுத்த ஆண்டு தாமே மீட்டுக்கொண்டார். 1903ஆம் ஆண்டு தொடக்கத்தில், பட்ட முயற்சியே சலித்துவிட்டதென நண்பர் பெசோவுக்கு எழுதினார். அவ்வாண்டிலே திருமணம், மறு ஆண்டில் ஓர் ஆண் குழந்தை. மனைவி மிலேவாவும் அதே கல்லூரியிற் பௌதிகம் பயின்றவர். இறுதிப் பரீட்சையில் இருமுறை தவறிப் படிப்பை விட்டவர். கணவன் இராப்பொழுதிற் கணக்கெழுத, வீட்டையும் குழந்தையையும் அவரே பார்த்தார். ஐன்ஸ்டீனுடைய மேதையைப் போற்றுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கைவிட்ட முயற்சியை 1905இல் அவர் மீண்டும் தொட்டபோது விடயத்தைத் தெரிந்த விதம் கவனிக்கத்தக்கது. ஆய்வுகூடம் இல்லை, வழிகாட்டி அருகில் இல்லை. சீனி கரைந்த நீரின் பாகுத்தன்மையைக்கொண்டு மூலக்கூற்றின் பருமனைக் கணிப்பதற்கு இவையொன்றும் வேண்டியதில்லை. பிறர் அளந்து அச்சிட்ட எண்களும், தாளும், பேனாவும் போதும். தூரத்திலிருந்து ஆராய்பவர்க்கு இதனினும் பொருத்தமான விடயம் அமைவதரிது. 1904இல் பெசோவும் அதே காரியாலயத்திற் சேர்ந்தமையால், வீடு திரும்பும் வழியில் விவாதிக்க ஒரு துணையும் வாய்த்தது. சின்னஞ்சிறு கட்டுரை அது. குறொஸ்மனுக்கு அதனை உரிமையாக்கினார். ஜூலை மாதத்தில் அது சூரிச் சென்றது. பேராசிரியர் கிளைனர் ஏற்றுக்கொண்டார்.

எனினும் தனிமைக்கு விலை இருந்தது. தமக்கு ஓய்வுள்ள வேளைகளில் நூலகம் மூடியிருக்கிறதென்று 1907இல் ஒரு கடிதத்தில் அவர் குறைப்பட்டார். கட்டுரையில் அவர் கண்ட மூலக்கூற்றுத் தொகையும் உண்மைத் தொகையின் மூன்றிலொரு பங்களவே. எடுத்த அளவீடுகள் செம்மையற்றவையாயிருந்ததோடு, கணிப்பிலும் ஒரு பிழை புகுந்திருந்தது. பாரிசு நகரத்துப் பரிசோதனைகள் அவருடைய சூத்திரத்தோடு ஒவ்வாமையால் ஐயம் பிறந்தது. அப்போது அவர் சூரிச் சர்வகலாசாலையிலேயே பேராசிரியர். உதவியாளர் லூட்விக் ஹொப் கணக்கைத் திரும்பப் போட்டுப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911இல் திருத்தம் அச்சேறியது.