ஆதிரங்கம் காண வாரீர்



பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நம்மவர் பலர், ஸ்ரீரங்கப்பட்டணம் வந்ததும் புகைவண்டியின் சாளரம் வழியே கைகூப்பிவிட்டு அப்பால் போய்விடுகின்றனர். அங்கே இறங்கிப் பாருங்கள் என்று வேண்டவே எழுந்து நிற்கிறேன்.

காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து மீண்டும் கூடும் இத்தீவினை ஆதிரங்கம் என்பர். சிவசமுத்திரம் மத்தியரங்கம், நமது திருவரங்கமோ அந்தியரங்கம். மூவிடத்தும் பள்ளிகொண்டான் ஒருவனே, ஆறும் ஒன்றே.

விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து 1610-இல் ராஜ உடையார் இவ்வூரைக் கைக்கொண்டார். பின்னர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்டனர். 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது; திப்புவும் போரில் மாண்டார்.

திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நிகழ்ந்த போர் தீட்டப்பட்டுள்ளது. கன்னட நாட்டுச் சுவரில் தொண்டை நாட்டுப் போர்க்களம்! யானையும் குதிரையும் கண்டேன். அப்படையெடுப்பில் ஊரும் பயிரும் இழந்த நம் குடியானவரை மட்டும் காணவில்லை.

இன்னுமொன்று. இருப்புப்பாதையை இரட்டையாக்கும்போது திப்பு காலத்து ஆயுதக் கிடங்கொன்று குறுக்கே நின்றது. இடித்திருந்தால் வேலை எளிதாய் முடிந்திருக்கும். இடிக்காமல், 2017-இல் அக்கட்டடத்தை முழுதாகவே பெயர்த்து, ஏறக்குறைய 130 மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இதிற் சற்றே பெருமை உண்டு, பொறுத்தருள்க.

நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். மாளிகைக்கு வண்டி வைத்துக்கொள்ளுங்கள். கிளைகள் கூடும் சங்கமத்தில் மட்டும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது.