அரிசி விலை ஏறினால் யாருக்கு லாபம்?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் போவது அரிசிக்கும் கோதுமை மாவுக்கும்தான். அரிசி விலை ஏறினால், "கமக்காரனுக்கு இப்ப நல்ல காசு" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். அது சரிதானா என்று இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நெல் நம் நாட்டில் இரண்டு போகம். பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடை. சிறுபோகம் ஆவணி, புரட்டாசியில். பொலனறுவை, அம்பாறைப் பக்கம் எல்லாருடைய நெல்லும் ஒரே நேரத்தில் களத்துக்கு வரும். விதைக்கும், உரத்துக்கும், டிராக்டருக்கும், வெட்டு மெஷினுக்கும் பட்ட கடன் அப்போதே வாசலில் வந்து நிற்கும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று உத்தரவாத விலை அறிவித்தது. ஆனால் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத காய்ந்த நெல்லுக்குத்தான் அந்த முழு விலை. காயவைக்க இடமில்லாதவர் என்ன செய்வார்? லொறியோடு வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பார். கொழுந்து பறிக்கிற நமக்குக் கொழும்பு ஏலத்தில் விலை சொல்ல முடியுமா? அதே கதைதான்.

100 கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் 65 கிலோ அரிசி வரும். நெல் 120 ரூபாய் என்றால், ஒரு கிலோ அரிசிக்கு நெல் செலவு மட்டும் 185 ரூபாய் அளவில். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குச் சில்லறை உச்ச விலை 230 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. மீதி 45 ரூபாயில் ஆலை, லொறி, கடை எல்லாம் அடங்கும். நெல் 90 ரூபாய்க்குப் போயிருந்தால் அந்தச் செலவு 140 ரூபாயும் வராது. அப்போது கடையில் நமக்கு விலை குறைந்ததா? இல்லையே! நெல்லை வாங்கிப் பூட்டி வைக்க வசதி உள்ளவர் மார்கழி, தையில் விற்கிறார். அந்த நேரம் கமக்காரரும் கடையில்தான் அரிசி வாங்குகிறார்.

கமக்காரர் நொந்தால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் மறுபடி அனுமதித்தார்கள். அதற்குள் பெரும்போக விளைச்சல் கெட்டது. 2022இல் அரிசிக்கு நாம் பட்ட பாடு மறக்குமா? மாவும் கைகொடுக்கவில்லை. கோதுமை இங்கே விளைவதில்லை. அந்த வருசம் உக்ரேன் யுத்தத்தால் உலகமெங்கும் விலை ஏறிற்று.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? அறுவடை முடிந்த கையோடு நாலைந்து குடும்பம் சேர்ந்து மூட்டையாக வாங்குங்கள். மாதம் 40 கிலோ வாங்கும் வீட்டுக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைந்தாலும் 400 ரூபாய் மிச்சம். கடையில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும், கேட்டால் பில் தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். கடனுக்கு வாங்குகிறோம் என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். உச்ச விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். உச்ச விலை அடிக்கடி மாறும், விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று, நம் லயங்களில் ஈரம் அதிகம். வாங்கிய மூட்டையைச் சிமெந்துத் தரையில் போடாமல், பலகை வைத்து, சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.